ஐந்து நிமிடத்துக்குள் கட்டைவிரல்

என் அக்காவை அந்த ஸ்கேன் சென்டரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ரிப்போர்ட்டக்கா என்பார்கள். டாக்டர் சொல்வதை அடித்து, அச்செடுத்து, உறையில் போட்டு, வந்தவர் கையில் கொடுப்பது அவள் வேலை. பதினேழு வருடமாக இதே வேலை, இதே நாற்காலி. நான் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்பவன். கண்டதையெல்லாம் அமுக்கிவிட்டு, "ஒண்ணுமே பண்ணலைங்க, தானா போயிடுச்சு" என்று பாதி ஊர் என்னைக் கூப்பிடுவதால்தான் என் வீட்டில் அடுப்பெரிகிறது. அதனால் இதைக் கொஞ்சம் கடுப்போடுதான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்கேன் டாக்டர் மூன்று சென்டர்களுக்கு ஓடுகிறவர். முன்பெல்லாம் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுவார், அவள் அடிப்பாள், இவர் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். இப்போது ஸ்கேன் செய்து முடித்ததும் காரில் ஏறிவிடுவார். ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு குரல் பதிவு வாட்ஸப்பில் வந்து விழும். அக்கா அதை ஒன்றரை மடங்கு வேகத்தில் வைத்து ஒரு காதால் கேட்டு அடிப்பாள். டாக்டரின் கையெழுத்தே படமாகக் கம்ப்யூட்டரில் இருக்கிறது. பக்கத்தின் அடியில் அதுவாக வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. ரிப்போர்ட் அடிக்கிற எல்லோருக்கும் உண்டு என்பாள். வெள்ளைப் பக்கத்தில் புதிதாகத் தொடங்கமாட்டாள். முந்தைய ஆளின் ரிப்போர்ட்டைத் திறப்பாள். மேலே பெயரையும் வயதையும் மாற்றி, புதுப் பெயரில் சேமித்துவிடுவாள். அப்புறம்தான் நிதானமாகக் கீழே வருவாள். கல்லீரல், பித்தப்பை, சிறுநீரகம் என்று ஒவ்வொன்றாக, எது மாறியிருக்கிறதோ அதை மட்டும் மாற்றிக்கொண்டே போவாள். நோயாளியை அனுப்பிய டாக்டர் பெயரும் நோயாளியின் போன் நம்பரும் பக்கத்தின் கடைசியில் இருக்கும், அவை கடைசியில் மாறும். எண்பது பேரில் அறுபது பேருக்கு எல்லாம் நார்மல்தானே, எதற்கு அதையே திரும்பத் திரும்ப அடிக்க வேண்டும் என்பாள். கேட்டால் நியாயமாகத்தான் இருக்கும்.

இதற்கு நடுவில் மேனேஜர் ஒரு சட்டம் கொண்டுவந்தார். சென்டரின் வாட்ஸப் குரூப்பில் அவர் எது போட்டாலும், பார்த்தாயிற்று என்று ஐந்து நிமிடத்துக்குள் எல்லோரும் கட்டைவிரல் படம் போட வேண்டும். போடாதவர்கள் பட்டியல் ஆறாவது நிமிடம் அதே குரூப்பில் வரும். பட்டியலில் வந்தவர்கள் மாலையில் அவர் அறைக்குப் போய் நிற்க வேண்டும். ஒரு நாளைக்கு முப்பது நாற்பது செய்தி போடுவார். லிஃப்ட் வேலை செய்யவில்லை, கட்டைவிரல். குடிதண்ணீர் வந்துவிட்டது, கட்டைவிரல். காலை வணக்கத்துக்கும் கட்டைவிரல்.

அக்கா ஒரே ஒரு முறை அந்தப் பட்டியலில் வந்தாள். கழிவறைக்குப் போயிருந்தாள், அவ்வளவுதான். அந்த நாளிலிருந்து கழிவறைக்கும் போன் கூடவே போகும். வீட்டிலும் கை சும்மா இருக்காது. சாப்பிடும்போது இடது கையில் போன். மகள் பள்ளிக்கதை சொன்னால் போனைப் பார்த்தபடியே "ம்... ம்..." என்பாள். போன் அடிக்காதபோதே அடித்ததுபோல் இருக்கிறது என்று பையைத் திறந்து பார்ப்பாள். கழுத்து வலிக்கு ஒரு தைலம், கட்டைவிரல் வலிக்கு ஒரு தைலம். ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டேன்.

"என்னக்கா, போனைக் கட்டிட்டுதான் அழணுமா?"

"உனக்கென்னடா, நீ உன் கடைக்கு நீயே ராஜா. எனக்கு வேலைடா இது."

உண்மையில் என் போனும் அப்படித்தான் அலறிக்கொண்டிருக்கும், ஆனால் அறிவுரை சொல்கிறவன் அதையெல்லாம் கணக்கில் எடுப்பதில்லை.

ஒரு வியாழக்கிழமை பதினொன்றேகால் மணிக்கு மேனேஜர் பெயரில் ஒரு கோப்பு வந்தது. 'புதிய விடுமுறைப் பட்டியல்' என்று தலைப்பு. அவர் அனுப்பியதே இல்லை. அவருடைய கணக்கில் புகுந்த ஏதோ ஒன்று அனுப்பியது. அது எல்லோருக்கும் அப்புறம்தான் தெரிந்தது. போனில் திறக்கவில்லை என்றதும் அக்கா ரிப்போர்ட் அடிக்கிற கம்ப்யூட்டரிலேயே வாட்ஸப்பைப் போட்டுத் திறந்தாள். எச்சரிக்கை ஒன்று வந்திருக்கிறது. இவள் 'சரி' என்று அமுக்கியிருக்கிறாள். இன்னொன்று வந்தது, அதற்கும் 'சரி'. ஐந்து நிமிடத்துக்குள் கட்டைவிரல் போட வேண்டிய அவசரத்தில் எதைப் படிப்பது? கட்டைவிரலும் போட்டுவிட்டாள். பத்து நிமிடத்தில் ரிப்போர்ட்டுகள் எல்லாம் கண்ணெதிரே உருமாறின. திறந்தால் புழு ஊர்ந்ததுபோல் ஏதோ எழுத்துகள். பக்கத்தில் பில் போடுகிற கம்ப்யூட்டரும் படுத்துவிட்டது.

என்னைக் கூப்பிட்டாள். நான் போனபோது ஹாலில் இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். மேனேஜர் தன் அறையில் இருந்தபடியே குரூப்பில் 'என்ன ஆச்சு?' 'எப்போது சரியாகும்?' என்று போட்டுக்கொண்டிருந்தார். நான் நெட் கம்பியைப் பிடுங்கி, எல்லாவற்றையும் துடைத்து, புதிதாக ஏற்றினேன். நல்லவேளை, அக்காவின் கோப்புகள் அரை மணிக்கு ஒரு தடவை தனியாக ஒரு பெட்டியில் நகலாகும்படி போன வருடமே செய்துவைத்திருந்தேன். பில் கம்ப்யூட்டருக்கு அதைச் செய்ய மேனேஜர் ஒப்புக்கொள்ளவில்லை. அதில் இருந்ததெல்லாம் போயே போச்சு. அக்காவின் கோப்புகளைப் பதினோரு மணி நகலிலிருந்து எடுத்துப் போட்டேன். அதற்குப் பின் அடித்தவை மட்டும் இருக்காது.

"எல்லாம் வந்துடுச்சுக்கா. பதினோரு மணிக்கு மேல அடிச்சதை மட்டும் திரும்ப அடிச்சுக்கோ."

மூன்று இடத்திலிருந்து எனக்கு அழைப்பு வந்தபடி இருந்தது. எதையும் திறந்து சரிபார்க்காமல் கிளம்பிவிட்டேன். திறந்து பார்ப்பதற்கு இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது.

அடுத்த புதன்கிழமை காலையில் அக்காவிடமிருந்து அழைப்பு. எப்போதும் "டேய்" என்று தொடங்குகிறவள் அன்று என் பெயரைச் சொன்னாள்.

"நீ கொஞ்சம் வரியா? ஒரு தப்பு நடந்து போச்சு."

நடந்தது இதுதான். அன்று காலை ஸ்கேன் டாக்டர் ஒரு பதிவு அனுப்பியிருக்கிறார். போன வியாழக்கிழமை வந்த, சினைப்பையில் கட்டி இருந்த பெண்மணியின் படங்கள் வேண்டும், அவர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாரா என்று விசாரிக்கவும் வேண்டும் என்று. நம்பர் எடுக்க அக்கா ரிப்போர்ட்டைத் திறந்தாள். நாற்பத்தொரு வயது, பெயர் சரி. கீழே கல்லீரல் நார்மல், சிறுநீரகம் நார்மல், கருப்பை நார்மல், சினைப்பைகள் இரண்டும் நார்மல்.

பழைய குரல் பதிவைத் தேடி எடுத்து, முதல் தடவையாக நிதானமான வேகத்தில் கேட்டிருக்கிறாள். வலது சினைப்பையில் ஆறு சென்டிமீட்டர் கட்டி, தாமதிக்காமல் மேல்பரிசோதனை செய்ய வேண்டும் என்று டாக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார்.

"நான் அடிச்சேன்டா. ஆறு சென்டிமீட்டர்னு என் கையால அடிச்சேன். சத்தியமா ஞாபகம் இருக்கு."

அடித்திருக்கிறாள். பதினோரு மணி தாண்டிச் சில நிமிடங்களில் அடித்திருக்கிறாள். நகலான நேரத்தில் பெயரையும் வயதையும் மாற்றிச் சேமித்திருந்தாள், கீழே இன்னும் வரவில்லை. நான் மீட்டுக் கொடுத்தது அந்தப் பாதி ரிப்போர்ட். தலை ஒருவருடையது, உடம்பு அவருக்கு முந்தைய ஆளுடையது. காணாமல் போன ரிப்போர்ட்டுகளை அக்கா திரும்ப அடித்தாள். இது காணாமல் போகவில்லையே! பெயர் இருந்தது, அடித்த ஞாபகமும் இருந்தது, வெளியே இருபது பேர் காத்திருந்தார்கள். படிக்காமல் அச்செடுத்துக் கொடுத்துவிட்டாள். அடியில் டாக்டரின் கையெழுத்து அழகாக வந்து உட்கார்ந்திருந்தது.

ரிப்போர்ட்டில் இருந்த நம்பருக்கு அடித்தோம். எடுத்தவர் குரலுக்கே அறுபது வயது இருக்கும்.

"எனக்கு எல்லாம் நார்மல்னுதானேம்மா குடுத்தீங்க? இப்ப என்ன புதுசா? எதுனாலும் மறைக்காம சொல்லுங்க."

நம்பரும் முந்தைய ஆளுடையதுதான். அனுப்பிய டாக்டரின் பெயரும் அப்படியே. அந்த அம்மாவைச் சமாதானப்படுத்துவதற்குள் அக்காவுக்கு வியர்த்துக் கொட்டிவிட்டது. பில் கம்ப்யூட்டரில் நம்பர் இருந்திருக்கும், ஆனால் அதுதான் துடைத்தெடுத்தாற்போல் இருக்கிறதே. வாசலில் முன்பு ஒரு நீள நோட்டு இருக்கும், வருகிறவர்கள் விலாசம் எழுதிவிட்டு உட்காருவார்கள். எல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கும்போது நோட்டு எதற்கு என்று போன வருடம் அதையும் எடுத்துவிட்டார்கள். ஸ்கேன் மெஷினில் இருந்தது பெயரும் வயதும் படங்களும் மட்டும்.

மேனேஜரிடம் போனோம். அவர் முதலில் சொன்னது, "குரூப்ல போட்டுடாதீங்க" என்பதுதான்.

"சார், அவங்களைக் கண்டுபிடிக்கணும்."

"பதறாதீங்க. சரியான ரிப்போர்ட்டை அடிச்சு ரெடியா வைங்க. அவங்க வந்தா மாத்திக் குடுத்துடலாம்."

"எதுக்கு சார் வருவாங்க? உங்களுக்கு ஒண்ணுமில்லைன்னு நாமதானே எழுதிக் குடுத்திருக்கோம்?"

அவர் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் போனைப் பிடுங்கி ஜன்னல் வழியாக வீசியிருப்பேன். ஆனால் நானும் கையைப் பிசைந்துகொண்டுதான் நின்றேன். என் பங்கு எவ்வளவு என்று எனக்குத் தெரியும்.

அக்கா அவர் எதிரிலேயே ஸ்கேன் டாக்டரைக் கூப்பிட்டு, ஒன்று விடாமல் சொன்னாள். கோபப்படுவார் என்று நினைத்தோம். "ஆறு நாள் ஆயிடுச்சா?" என்று மட்டும் கேட்டார். பிறகு, "இன்னைக்கே கண்டுபிடிங்க. எங்க போகணும்னு நான் பேசி வைக்கிறேன்" என்று வைத்துவிட்டார்.

"அவங்க எப்படி இருந்தாங்க, ஏதாவது ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன்.

அக்கா யோசித்தாள். நெற்றியைத் தேய்த்தாள். "கை ஞாபகம் இருக்கு. உறையை வாங்கின கை. முகம் வரலைடா. நான் நிமிர்ந்து பாக்கவே இல்ல."

அப்போதுதான் எனக்குக் காமிரா நினைவு வந்தது. ஹாலில் ஒரு காமிரா உண்டு, அதன் பெட்டி மேனேஜர் அறையில் தனியாக இருக்கிறது, வைரஸ் அதைத் தொடவில்லை. ஏழு நாள் வரை வைத்திருக்கும், அப்புறம் பழையதன்மேல் புதியதைப் பதிந்துவிடும். இன்னும் ஒரு நாள் போயிருந்தால் அதுவும் இல்லை. மேனேஜரை எழுந்திருக்கச் சொல்லி அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். அந்த ரிப்போர்ட்டை அச்செடுத்த நேரம் இரண்டு முப்பத்தெட்டு என்று கம்ப்யூட்டரில் இருந்தது, அதனால் வியாழக்கிழமை பிற்பகல் இரண்டரை மணியிலிருந்து ஓட்டினேன். அவசரத்தில் இரண்டு முறை தாண்டிப் போய்த் திரும்பி வந்தேன்.

இரண்டு நாற்பதுக்கு அக்கா தெரிந்தாள். ஒரு காதில் இயர்போன், இடது கையில் போன், தலை குனிந்திருக்கிறது. ஒல்லியான ஒரு பெண்மணி முன்னால் வந்து நிற்கிறார். அக்கா வலது கையால் உறையை நீட்டுகிறாள். அவர் வாங்கிக்கொண்டு நகரவில்லை. கொஞ்சம் குனிந்து ஏதோ கேட்கிறார். அக்கா போனிலிருந்து கண்ணை எடுக்காமல் தலையை ஆட்டுகிறாள். அவர் இன்னொரு முறை கேட்கிறார். மறுபடியும் தலையாட்டல். அந்தப் பெண்மணி நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, சிரிக்கிறார். காமிராவில் சத்தம் கிடையாது.

"திரும்பப் போடு" என்றாள் அக்கா. போட்டேன். மூன்று தடவை பார்த்தாள்.

"என்ன கேட்டாங்க?"

"தெரியலைடா. எனக்கு எதுவுமே காதுல விழல. குரூப்புக்குக் கட்டைவிரல் போட்டுட்டு இருந்தேன்." சொல்லும்போதே உடைந்து அழுதுவிட்டாள். மேனேஜர் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

நான் படத்தை மேற்கொண்டு ஓட்டினேன். அந்தப் பெண்மணி வாசலை நோக்கித் திரும்பியபோது அவர் சேலைமேல் போட்டிருந்த நீல வேலைச் சட்டையின் முதுகு தெரிந்தது. ஒரு பெரிய சலவை நிலையத்தின் பெயர் அதில் அச்சடித்திருந்தது. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற இடம், எனக்குத் தெரியும். டாக்டரின் பழைய குரல் பதிவைத் திரும்பக் கேட்டு அக்கா புது ரிப்போர்ட்டை அடித்தாள். இந்த முறை வெள்ளைப் பக்கத்தில், முதல் எழுத்திலிருந்து. அடித்து முடித்து, ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்து வாய்விட்டுப் படித்தாள். எனக்கோ நேரமாகிறதே என்று காலில் வெந்நீரைக் கொட்டியதுபோல் இருந்தது, ஆனால் அவசரப்படுத்தவில்லை.

என் வண்டியில்தான் போனோம். போகிற வழியெல்லாம் அக்கா பேசிக்கொண்டே வந்தாள். "வேலையை விட்டுட்டுப் போயிருந்தாங்கன்னா?" என்றாள். "ஆறு நாள்ல ஏதாவது ஆயிருக்குமாடா?" என்றாள். "சட்டையை யார்கிட்டயாவது வாங்கிப் போட்டுட்டு வந்திருந்தாங்கன்னா?" என்றாள். ஒவ்வொரு சிக்னலிலும் அவள் பெருமூச்சு என் முதுகில் பட்டது.

சலவை நிலையத்தின் உள்ளே ஒரே ஆவி. நீளமான கூடத்தில் பெரிய பெரிய இயந்திரங்கள் சுற்றிக்கொண்டிருந்தன. ஒரு மேசையருகே பெண்கள் இரண்டிரண்டு பேராக நின்று படுக்கை விரிப்புகளை மடித்தார்கள். இருவரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுப்பார்கள், கிட்டே வருவார்கள், மறுபடி விலகுவார்கள். வாசலில் இருந்த சூப்பர்வைசர் அம்மாளிடம் பெயரைச் சொன்னதும் கோடியில் இருந்த ஜோடியைக் காட்டினார். நல்லவேளை, வேலைக்கு வந்திருந்தார்.

நாங்கள் கிட்டே போவதற்குள் அவரே அக்காவை அடையாளம் கண்டுகொண்டார். முகமெல்லாம் சிரிப்பு.

"ஸ்கேன்ல இருக்கறவங்கதானே? இங்க எங்க வந்தீங்க, துணி போடவா?" எதிர்முனையில் நின்றவரிடம், "நான் சொன்னேனே, அந்த அம்மா இவங்கதான்" என்றார்.

அவர் தானாகவே பேசிக்கொண்டு போனார்.

"அன்னைக்கு நான் செத்துப் பொழைச்சேன், தெரியுமா? பயப்பட ஒண்ணுமில்லையேன்னு உங்ககிட்ட ரெண்டு தடவை கேட்டேன். நீங்க ரெண்டு தடவையும் தலையாட்டினீங்க. அப்புறம்தான் உயிரே வந்துச்சு. வெள்ளிக்கிழமை டாக்டரைப் பாக்கப் போறதா இருந்தது, போகல. எதுக்கு வீணா லீவு போடணும்?"

"அந்த ரிப்போர்ட் உங்களோடது இல்லைங்க" என்றாள் அக்கா.

அவர் சிரிப்பு உடனே போகவில்லை. புரிய நேரம் எடுத்தது. அக்கா எல்லாவற்றையும் சொன்னாள். வைரஸ் என்று சொல்லித் தப்பிக்கவில்லை, மேனேஜரை இழுக்கவில்லை, என்னையும் இழுக்கவில்லை. நான் படிக்காம குடுத்துட்டேன், நீங்க கேட்டது என் காதுல விழாமலே தலையாட்டிட்டேன் என்றாள். புது ரிப்போர்ட்டை நீட்டினாள். அவர் கையில் இருந்த விரிப்பை விடாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்முனையில் இருந்தவர்தான் மெதுவாக வந்து விரிப்பை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"நான்தாங்க அந்தக் கம்ப்யூட்டரைச் சரி பண்ணினது" என்றேன். "திறந்து பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். பாக்கல."

அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உறையைப் பிரிக்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"என் வீட்டுக்காரர்கிட்ட சொல்லியாச்சு. பொண்ணுகிட்ட சொல்லியாச்சு. எல்லாரும் நிம்மதியா தூங்கறாங்க. இப்ப நான் போய் என்ன சொல்லுவேன்?"

பக்கத்து இயந்திரம் நின்று, விரிப்புகளை வெளியே எடுக்க ஒருவர் வந்தார். அவர் வேலை முடித்துப் போகும் வரை நாங்கள் ஒதுங்கி நின்றோம்.

பிறகு அந்தப் பெண்மணி அக்காவுக்கு நேராக வந்து நின்றார்.

"அன்னைக்குக் கேட்டதையே கேக்கறேன். இப்பவாவது என் முகத்தைப் பாத்து சொல்லுங்க. பயப்பட ஒண்ணுமில்லையே?"

அக்கா அவரைப் பார்த்தாள். அவ்வளவு நேரம் அவள் ஒரு முகத்தைப் பார்த்து எத்தனை வருடமாயிற்றோ, எனக்குத் தெரியாது. இல்லை என்று சொல்லிவிடுவாளோ என்று எனக்குப் பயமாக இருந்தது. அதைச் சொல்வதுதான் சுலபம்.

"இருக்குங்க" என்றாள்.

அவர் தலையை ஆட்டினார். விரிப்பை வாங்கிக்கொண்டவரிடம், "எனக்கு லீவு சொல்லிடு" என்றார். நீலச் சட்டையின் பொத்தான்களைக் கழற்றத் தொடங்கினார்.